உயிர்நீர்: ஒரு சொல்லின் வரலாறு

ஒரு சொல்லுக்குப் பொருள் வகுப்பவர் யார் என்னும் வினா கவிஞர்களுக்குப் புதியதன்று. வழக்கு வகுக்கும் என்பர் சிலர்; அகராதி வகுக்கும் என்பர் வேறு சிலர். ஆனால் ஒரு குடிபொருளின் பெயருக்குப் பொருள் யாது என்று கேட்டு நீதிமன்றம் வழக்கு நடத்தியதும், அங்கே தீராத ஐயத்தைத் தீர்க்க ஓர் அரசு ஆணைக்குழு அமர்ந்ததும் உலக வரலாற்றில் அரிய நிகழ்ச்சிகள். அவ்வாறு விசாரிக்கப்பட்ட சொல் 'விஸ்கி'. விசாரணை நடந்த நாடு இங்கிலாந்து. விசாரணைக்குரிய பொருள் பெரும்பாலும் ஸ்காட்லாந்தினுடையது.

ஸ்காட்ச் விஸ்கியை எவ்வாறு தேர்வது, எவ்வாறு சுவைப்பது என்று கூறும் நூல்கள் பல உள்ளன. அவற்றின் அறிவுரைகளுள் முதலாவது, புட்டியின்மேல் ஒட்டப்பட்ட சீட்டைக் கருத்தாகப் படிக்க வேண்டும் என்பதே. அச்சீட்டில் காணப்படும் சொற்கள் மிகச் சில. எனினும் அவற்றுள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரிச்சட்டமோ, ஒரு வழக்கோ, ஒரு மோசடியோ மறைந்து நிற்கிறது. அவ்வரலாற்றை அறிந்தவரே அச்சீட்டைப் பொருளுணர்ந்து படித்தவராவர்.

துறவிக்கு அளந்த தானியம்

ஸ்காட்லாந்து அரசின் கருவூலக் கணக்கில், 1494-95ஆம் ஆண்டுக்குரிய பகுதியில், சிறு குறிப்பொன்று உள்ளது. அரசரின் ஆணைப்படி ஜான் கோர் என்னும் துறவிக்கு 'அக்வா விட்டே' செய்வதற்காக எட்டு 'போல்' அளவு மால்ட் வழங்கப்பட்டது என்பது அதன் கருத்து. போல் என்பது அந்நாட்டின் பழைய முகத்தல் அளவை. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. அரசர் நான்காம் ஜேம்ஸ். ஸ்காட்லாந்தில் வாலையில் வடித்த மதுவைப் பற்றிக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றாக இக்குறிப்பே போற்றப்படுகிறது.

'அக்வா விட்டே' என்னும் இலத்தீன் தொடருக்கு உயிர்நீர் என்பது பொருள். மலைநாட்டு மக்கள் அதனைத் தம் கேலிக் மொழியில் 'உஷ்கெ பாஹா' என்று பெயர்த்து வழங்கினர். முதலில் அது மருந்தாகவே கருதப்பட்டது. 1505இல் எடின்பரோ நகரத்தில் அதனைச் செய்து விற்கும் தனியுரிமை, நாவிதத் தொழிலையும் அறுவை மருத்துவத்தையும் சேர்த்து நடத்திய சங்கத்தாருக்கு அளிக்கப்பட்டமை இதனைக் காட்டும்.

காலப்போக்கில் கேலிக் தொடரின் பிற்பகுதி தேய்ந்து மறைந்தது. முற்பகுதி மட்டும் ஆங்கிலேயர் நாவில் உருமாறி 'விஸ்கி' ஆயிற்று. உயிர்நீர் என்பதில் உயிர் உதிர்ந்து, நீர் மட்டும் எஞ்சியது. 1755இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் இச்சொல்லைத் தனிச்சொல்லாக மதிக்கவில்லை. பழைய சொல்லின் ஸ்காட்லாந்துச் சிதைவு என்றே குறித்தார். அதே அகராதியில் கலால் வரி என்னும் சொல்லுக்கு 'வெறுக்கத்தக்க வரி' என்னும் பொருள்பட விளக்கமும் எழுதினார். விஸ்கியின் பிற்கால வரலாறு முழுவதும் இவ்விரு சொற்களுக்கும் இடையே நடந்த போராட்டம் எனலாம்.

வரி வகுத்த சுவை

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வடிமதுவின்மீது முதன்முதலாகக் கலால் வரி விதித்தது 1644ஆம் ஆண்டில். 1707இல் இரு நாடாளுமன்றங்களும் இணைந்தபின் வரிச்சுமை படிப்படியாக ஏறியது. 1780களில் வந்த சட்டங்கள் சமவெளி நாட்டு வடிசாலைகளில் வாலையின் கொள்ளளவைக் கணக்கிட்டு வரி விதித்தன. ஓராண்டில் எத்தனை முறை வடித்தாலும் வரி ஒன்றே. உடனே வடிசாலைக்காரர்கள் அகன்று ஆழங்குறைந்த வாலைகளைச் செய்வித்தனர். பெருநெருப்பு மூட்டிச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வடித்துத் தள்ளினர். அவசரத்தில் வடிந்த சரக்கு நாவை எரித்தது.

மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளிலோ உரிமமின்றி வடித்தவர்களுக்கு அத்தகைய அவசரம் இல்லை. சிறிய செப்பு வாலையில், மெல்லிய நெருப்பில், முழுக்க மால்டைக் கொண்டே அவர்கள் நிதானமாக வடித்தனர். ஆகவே சட்டத்திற்கு உட்பட்ட சரக்கைக் காட்டிலும் சட்டத்திற்குப் புறம்பான சரக்கே சுவையிற் சிறந்திருந்தது. நல்ல விஸ்கியைத் தேடியவர் கள்ளச்சரக்கை நாடினர். தேர்வு என்னும் வழக்கம் ஸ்காட்லாந்தில் இவ்வாறு வேரூன்றியது.

இந்த முரண்பாட்டைத் தம் வாழ்விலேயே சுமந்தவர் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் (1759–1796). கில்மார்னக் நகரில் 1786இல் அச்சான அவருடைய முதல் கவிதைத் தொகுதியில் ஸ்காட்லாந்து மதுவைப் பாடும் கவிதையொன்று உண்டு. அதில் அவர் ஃபெரின்டோஷ் என்னும் ஊரின் இழப்புக்கு இரங்குகிறார். அவ்வூர்ப் பண்ணை 1689ஆம் ஆண்டுக் கலகத்தில் அழிவுற்றது. அதற்கு ஈடாக, அதன் உரிமையாளராகிய ஃபோர்ப்ஸ் குடும்பத்தாருக்குச் சிறு தொகை மட்டும் செலுத்தி வரியின்றி வடித்துக்கொள்ளும் உரிமையை 1690இல் நாடாளுமன்றம் அளித்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்த அவ்வுரிமை 1784இல் பறிக்கப்பட்டது. அரசியல் சட்டமொன்று மக்களின் கோப்பையில் என்ன செய்தது என்பதை உடனிருந்து பாடியவர் பர்ன்ஸ்.

ஆனால் உழவுத்தொழில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. குடும்பத்தைக் காக்க 1789இல் அவர் ஆண்டுக்கு 50 பவுண்டு ஊதியத்தில் கலால் அதிகாரியாகப் பணியேற்றார். வாரந்தோறும் இருநூறு மைல் வரையில் குதிரைமீது அலைந்து, வாலைகளையும் பீப்பாய்களையும் அளந்து கணக்கெழுதினார். கலால்காரனைப் பேய் தூக்கிச் சென்றதாக ஊரார் மகிழ்ந்தாடும் நகைச்சுவைப் பாடலை 1792 அளவில் எழுதியவரும் அவரே. வரியை வெறுத்த நாவும் வரி தண்டிய கையும் ஒருவருக்கே உரியனவாக அமைந்தமைக்கு வறுமையே காரணம்.

அரசன் விரும்பிய கள்ளச்சரக்கு

1822ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வருகை தந்தார். மன்னர் கிளென்லிவெட் விஸ்கியைத் தவிர வேறொன்றும் அருந்துவதில்லை என்று கூறி, அரண்மனை அதிகாரி அதனை எங்கும் தேடினார். கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் அப்போது வடிக்கப்பட்டது உரிமமற்ற சரக்கு. ரோதிமர்க்கஸ் பண்ணையைச் சேர்ந்த எலிசபெத் கிராண்ட் என்னும் பெண்மணி, தந்தையின் கட்டளைப்படி, தாம் பேணி வைத்திருந்த விஸ்கியை மன்னருக்கு அனுப்ப நேர்ந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அது நெடுங்காலம் மரத்தில் இருந்து, பாலைப் போல் மென்மையுற்றிருந்தது என்பது அவர் தரும் செய்தி. அவருடைய தந்தை பின்னர் இந்தியாவில் நீதிபதிப் பதவி பெற்றார். அந்தப் பரிசிலுக்கும் அப்பதவிக்கும் தொடர்புண்டு என்றே மகள் கருதினார்.

இச்செய்தியில் சுவையை ஆராய்வோர் மனங்கொள்ள வேண்டிய குறிப்பொன்று உண்டு. அக்காலத்தில் விஸ்கியை வடித்த சூட்டோடு அருந்துவதே பெருவழக்கு. மரப்பீப்பாயில் கிடந்தால் அது கனியும் என்பதைச் சில வசதியுள்ள இல்லத்தார் மட்டுமே அறிந்திருந்தனர். இன்று சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் முதிர்ச்சி, அன்று ஓர் இல்லத்துப் பக்குவமாக இருந்தது.

மறு ஆண்டே, அதாவது 1823இல், புதிய கலால் சட்டம் வந்தது. வரி பாதிக்கும் கீழாகக் குறைந்தது. 10 பவுண்டு கட்டணத்தில் உரிமம் கிடைத்தது. 1824இல் கிளென்லிவெட்டின் ஜார்ஜ் ஸ்மித் உரிமம் பெற்றார். அண்டை அயலிலிருந்த கள்ளவடிப்பாளர்கள் அவரைத் துரோகி என்று கருதினர். வடிசாலையைக் கொளுத்திவிடுவதாக மிரட்டினர். அபெர்லவர் பண்ணையாளர் அளித்த இரு கைத்துப்பாக்கிகளை இடுப்பில் செருகிக்கொண்டே அவர் சில ஆண்டுகள் தொழில் நடத்தினார்.

அவர் சரக்கின் புகழ் பரவவே, அப்பள்ளத்தாக்கிற்கு வெகுதொலைவில் இருந்த வடிசாலைகளும் தம் விஸ்கிக்குக் கிளென்லிவெட் என்று பெயரிட்டன. ஸ்காட்லாந்தின் மிக நீளமான பள்ளத்தாக்கு அதுவே என்று மக்கள் நகையாடினர். ஸ்மித்தின் மகன் சட்டத்தின் துணையை நாடினார். 1884இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அப்பெயரைத் தனித்து வழங்கும் உரிமை ஸ்மித் குடும்பத்துக்கே கிடைத்தது. பிறர் பத்துப் பேர் தம் வடிசாலைப் பெயரோடு ஒரு சிறு கோடிட்டு அதனை இணைத்துக்கொள்ள இசைவு பெற்றனர். ஒரு குறியீட்டுக் கோடு, உரியவரையும் அயலாரையும் பிரித்துக் காட்டிற்று.

தூண் வாலையும் மளிகைக் கடையும்

அயர்லாந்தில் கலால் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்ற ஈனியஸ் காஃபி என்பவர் 1830இல் புதுவகை வாலையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பழைய செப்பு வாலை ஒவ்வொரு முறையும் நிரப்பி, காய்ச்சி, கழுவ வேண்டியது. காஃபியின் நெடுந்தூண் வாலையோ இடையறாது ஓடும். மால்டோடு மலிவான பிற தானியங்களையும் கொண்டு, தூய்மையான, மணம் குறைந்த வடிமதுவை அது ஏராளமாகத் தந்தது. டப்ளின் நகரத்துப் பெரு வடிசாலைகள் அதனைப் புறக்கணித்தன; ஸ்காட்லாந்துச் சமவெளியினர் ஏற்றுக்கொண்டனர்.

செப்பு வாலையின் மால்ட் விஸ்கி மணமிக்கது, ஆனால் பீப்பாய்க்குப் பீப்பாய் மாறுபடுவது, பழகாதவருக்குக் கடுமையானது. தூண் வாலையின் தானிய விஸ்கி மென்மையானது. ஆனால் குணம் மெலிந்தது. இரண்டையும் கலந்தால் என்ன என்று எண்ணியவர்களுள் எடின்பரோ வணிகர் ஆண்ட்ரூ அஷர் முன்னோடி. வரி செலுத்துமுன் கிடங்கிலேயே கலக்க 1860ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. கலவையை வளர்த்தவர்களுள் மளிகைக் கடைக்காரர்கள் பலர். தேயிலையின் பல வகைகளைக் கலந்து என்றும் மாறாத சுவையொன்றை அமைக்கும் பழக்கம் அவர்களுக்குக் கைவந்திருந்தது. ஜான் வாக்கர் 1820இல் கடை திறந்தது, பர்ன்ஸின் கவிதைத் தொகுதி அச்சேறிய அதே கில்மார்னக் நகரில்தான்.

பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்ததனால் பிராந்தி அருகியபோது, கலவை விஸ்கி இங்கிலாந்தின் விருந்து மேசையில் அவ்விடத்தைப் பிடித்தது. வடிசாலைகள் பெருகின. கடன் பெருகியது. லீத் துறைமுகத்தில் பாட்டிசன் சகோதரர்கள் ஆடம்பர வணிகம் நடத்தினர். தம் சரக்கின் பெயரைக் கூவப் பயிற்றிய நூற்றுக்கணக்கான கிளிகளைக் கடைகளுக்கு அனுப்பினர் என்றும் கூறுவர். 1898 டிசம்பரில் அந்நிறுவனம் சரிந்தது. மலிவான தானிய விஸ்கியில் சிறிது மால்ட் சேர்த்து உயர்ந்த பெயரில் விற்ற செய்தி வெளிப்பட்டது. 1901இல் சகோதரர் இருவரும் மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்றனர். அவர்களை நம்பியிருந்த வணிகர்கள் பலர் நொடித்தனர்; வடிசாலைகள் சில மூடப்பட்டன.

விஸ்கி என்பது யாது?

நம்பிக்கை குலைந்த அச்சூழலில் இலண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி ஒரு வழக்கைத் தொடுத்தது. கேட்ட பொருளைத் தராமல் வேறொன்றை விற்றனர் என்பது மதுக்கடைக்காரர்கள்மீது சாட்டிய குற்றம். தூண் வாலையின் வடிமது விஸ்கியா என்பதே வினா. அன்று என்று 1906இல் நடுவர் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அமர்ந்தோர் இரு கூறாகப் பிரிந்தமையால் முடிவு பிறக்கவில்லை. தானிய விஸ்கி நிறுவனத்தாரோ, தம் சரக்கில் ஒரு காலனுக்கும் ஒரு தலைவலி இராது என்னும் கருத்தில் விளம்பரம் செய்து மக்கள் மன்றத்தை நாடினர்.

1908இல் அரச ஆணைக்குழு அமைந்தது. அதன் தலைவர் ஹெரஃபோர்டு பிரபு ஜேம்ஸ். சான்றாளர் பலரை விசாரித்து 1909இல் அது அறிக்கை அளித்தது. தானியக் கூழை மால்டின் நொதியால் இனிப்பாக்கிப் புளிக்கவைத்து வடித்தெடுப்பது விஸ்கி. ஸ்காட்லாந்தில் வடித்தால் அது ஸ்காட்ச் விஸ்கி என்பது அதன் சாரம். எவ்வகை வாலை என்பதை அது வரையறுக்கவில்லை. கலவையில் மால்ட் எத்துணைப் பங்கு இருக்க வேண்டும் என்பதையும் வகுக்கவில்லை. மலைநாட்டு மால்ட் வடிசாலையினருக்கு இது பெருந்தோல்வி. பெருவணிகத்துக்கு வெற்றி. பழைய சொல்லுக்குப் புதிய பொருள் சட்டமாயிற்று.

முதிர்ச்சியைப் பற்றிய விதி வேறொரு வாயிலாக வந்தது. முதல் உலகப்போரின்போது, குடியினால் போர்த்தளவாட உற்பத்தி குன்றுகிறது என்று கருதிய லாய்டு ஜார்ஜ் மதுவைக் கட்டுப்படுத்த முனைந்தார். 1915ஆம் ஆண்டுச் சட்டம் வடிமது இரண்டு ஆண்டுகள் கிடங்கில் இருந்தாக வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு அது மூன்றாயிற்று. குடியைக் குறைக்க வந்த சட்டம் மதுவின் தரத்தை உயர்த்தியது.

நெடுங்காலம் கலவைக்குள் மறைந்திருந்த மால்ட் மீண்டும் தன் பெயரோடு உலகச் சந்தைக்கு வந்தது 1963இல். டஃப்டவுன் ஊரின் கிளென்ஃபிடிக் வடிசாலையார் தம் மால்டைத் தனியே புட்டியிலிட்டு அயல்நாடுகளில் விற்கத் தொடங்கினர். 'சிங்கிள் மால்ட்' என்னும் தொடர் மதிப்புப் பெற்றது. மதிப்புப் பெற்ற சொல்லுக்கு மீண்டும் சோதனை வந்தது. 2003இல் கார்டு என்னும் சிங்கிள் மால்டின் தேவை ஸ்பெயின் நாட்டில் மிகுந்தபோது, உரிமையாளரான டியாஜியோ நிறுவனம் பிற வடிசாலை மால்டுகளையும் அதனோடு சேர்த்து, பெயரையும் புட்டியின் தோற்றத்தையும் ஏறத்தாழ அப்படியே வைத்து, 'சிங்கிள்' என்பதை மட்டும் 'தூய' எனப் பொருள்படும் 'ப்யூர்' என்று மாற்றியது. பிற தயாரிப்பாளர்கள் கொதித்தெழுந்தனர். 2004இல் அச்சரக்கு விலக்கிக்கொள்ளப்பட்டது. 2009ஆம் ஆண்டு விதிகள் ஸ்காட்ச் விஸ்கியின் வகைகளை ஐந்தாக வகுத்து, 'ப்யூர் மால்ட்' என்னும் தொடரையே தடை செய்தன.

சீட்டைப் படிக்கும் முறை

இவ்வரலாற்றின் துணையோடு இன்றைய சீட்டைப் படிப்பது எளிது. 'சிங்கிள் மால்ட்' என்றால் ஒரே வடிசாலையில், மால்ட் ஒன்றையே கொண்டு, செப்பு வாலையில் வடித்தது. ஒரே பீப்பாயில் இருந்தது என்பது அதன் பொருளன்று. 'பிளென்டட் மால்ட்' என்றால் பல வடிசாலை மால்டுகளின் சேர்க்கை. 'பிளென்டட்' என்று மட்டும் இருப்பின் மால்டும் தானிய விஸ்கியும் கலந்தது. சீட்டிலுள்ள வயது, புட்டியிலுள்ளவற்றுள் மிக இளையதன் வயது. 12 என்று குறித்திருந்தால் அதற்குக் குறைந்த வயதுடைய ஒரு துளியும் அதில் இருத்தல் கூடாது. வயது குறிக்காதது குறைந்தது மூன்று ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் இருந்ததாதல் வேண்டும். மதுச்சத்து நூற்றுக்கு 40க்குக் குறைதல் ஆகாது.

இடப்பெயரும் வழிகாட்டும். ஐலா தீவின் புகழ்பெற்ற விஸ்கிகள் பல புகைமணம் உடையவை. முளைத்த தானியத்தைப் பீட் என்னும் சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்துவதால் அம்மணம் ஏறுகிறது. ஸ்பேசைடு விஸ்கிகள் பெரும்பாலும் கனிமணமும் இனிமையும் கொண்டவை. ஆயினும் ஐலாவில் புகையில்லாதனவும் ஸ்பேசைடில் புகையுடையனவும் உண்டு என்பதால், இடப்பெயரைக் குறிப்பாகக் கொள்ளலாமே அன்றி முடிவாகக் கொள்ளுதல் ஆகாது.

பீப்பாயின் பழைய வாழ்வும் சுவையில் பேசும். அமெரிக்கப் போர்பன் விஸ்கிக்குப் புதுப்பீப்பாயே வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஆகவே ஒருமுறை பயன்பட்டவை ஸ்காட்லாந்து வந்து சேர்கின்றன. அவை வெனிலா போன்ற இன்மணம் தருபவை. ஸ்பெயினின் ஷெர்ரி இருந்த பீப்பாய் உலர்திராட்சையின் செறிவைத் தரும். நிறத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. வடித்தெடுத்த விஸ்கி நீர்போல் தெளிந்தது. மரம் அதற்கு நிறமூட்டுகிறது. கருக்கிய சர்க்கரையால் நிறத்தைச் சீராக்கவும் சட்டம் இடந்தருகிறது.

சுவைத்தலில் முதலிடம் மூக்குக்கு. வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் சிறிதளவு ஊற்றி, சற்றுத் தொலைவில் வைத்து முகர வேண்டும். பின்னர்ச் சில துளி நீர் சேர்த்து மீண்டும் முகர்ந்தால் முன்பு ஒளிந்திருந்த மணங்கள் எழும். மணப்பொருள்கள் சில, நீர் சேரும்போது மேற்பரப்பை நோக்கி வருகின்றன என்று சுவீடன் நாட்டு வேதியியலார் 2017இல் கணினி ஆய்வால் காட்டினர். விஸ்கியைக் கலப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பெரும்பாலும் நாவைத் தீண்டாமல் மூக்கினாலேயே தரம் பிரிக்கின்றனர். நுட்பமாகச் சுவைப்பவருக்குச் சிறிதளவே போதும். அளவு மிகும்போது முதலில் மழுங்குவது சுவையறியும் திறனே.

சொல்லின் எல்லை

சொல்லைப் பற்றிய வழக்கு இந்தியாவுக்கும் வந்தது. இங்கு விஸ்கி என்னும் பெயரில் விற்பனவற்றுள் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பியச் சட்டத்தின்படி தானியத்தில் பிறவாத அது விஸ்கி ஆகாது. 'பீட்டர் ஸ்காட்' என்னும் இந்திய விஸ்கியின் பெயரில் 'ஸ்காட்' என்னும் சொல் இருப்பதை எதிர்த்து ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்காடியது. நெடுங்காலம் வாளாவிருந்தபின் வந்த முறையீடு என்பதனால் 2008இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஸ்காட்ச் விஸ்கி வாங்குவோர் பொருளின் தன்மை அறிந்தே வாங்குவர் என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

வாங்குவோர் அறிந்தவர் என்று நீதிமன்றம் கொண்ட அந்த அறிவைப் பொய்யாக்கவே பாட்டிசன் சகோதரர்கள் முயன்றனர். அதனைக் காக்கவே ஜார்ஜ் ஸ்மித்தின் மகன் ஒரு கோட்டுக்காக வாதாடினார். ஒரு விஸ்கியை விரும்புவதும் மறுப்பதும் அவரவர் நாவின் உரிமை. அவ்வுரிமையைப் பயன்படுத்த, சீட்டிலுள்ள சொல் தான் குறிக்கும் பொருளோடு பொருந்தி நிற்க வேண்டும். ஸ்காட்லாந்தார் அதற்காக நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். ஜான்சன் சிதைவு என்று குறித்த சொல் இன்று சட்ட நூல்களில் வரையறையோடு வாழ்கிறது. அதன் எல்லைகளைக் காத்தவர்களுள் வடித்தவரும் விற்றவரும் உளர். அதனைப் பொருளுணர்ந்து படித்து வாங்கியவரும் உளர்.